கராஜ் இல்லாத இடத்தில் பைக் நின்றால்

ஹபரணையில் இருந்து திருகோணமலைக்கு வருகிற ஏ6 வீதியில், கல்ஓயாச் சந்தி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மாலை ஐந்தரை மணிக்கு என் பைக்கின் கிளச் கேபிள் அறுந்தது. இடது கைக்குள் இருந்த லீவர் ஒரு பாரமும் இல்லாமல் அப்படியே உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. பைக் இரண்டு தரம் குலுங்கி நின்றது. இரண்டு பக்கமும் காடு. யானைப் படம் போட்ட பலகையைக் கடந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

பையில் புதுக் கேபிள் இருந்தது. இன்றுவரைக்கும் மனதில் கிடந்து குடைகிற விஷயம் அதுதான். ஆறு மாதமாகக் கவரோடு சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், ஆனால் அதை மாட்ட எந்த நட்டைத் தளர்த்த வேண்டும், எஞ்சின் பக்கத்து நுனி எதிலே கொளுவியிருக்கிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்ததில்லை. நட்டுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பனர் வேண்டும். என்னிடம் இருந்தது பன்னிரண்டும் பதினான்கும். போனில் ஒரு கோடு சிக்னல் வரும், போகும். வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருந்தது.

தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வந்த பட்டா லொறி ஒன்று நின்றது. "மல்லி, அலி எனவா" என்றார் சாரதி. தம்பி, யானை வரும். அதற்கு மேல் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவரும் கூட வந்த பையனும் நானுமாகப் பைக்கைத் தூக்கிக் கோவா மூட்டைகளுக்கு மேல் சரித்து, கயிறு போட்டுக் கட்டினோம். கந்தளாயில் இறக்கிவிடுங்கள் போதும் என்றேன், இந்த நேரத்தில் அங்கே கடை திறந்திருக்காது என்று சொல்லித் திருகோணமலை டவுன் வரை கொண்டுவந்து விட்டார். காசு நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டார். அந்த மனிதரை நான் பிறகு காணவே இல்லை.

அடுத்த நாள் ஞாயிறு. எங்கள் ஒழுங்கையில் முந்தி கராஜ் வைத்திருந்த ஐயா ஒருவர் இருக்கிறார், இப்போது கண் பார்வை குறைவு, வேலை செய்வதில்லை. அவரைக் கூட்டிவந்து முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினேன். "நான் தொடமாட்டன் தம்பி, நீர்தான் செய்ய வேணும்" என்றார். முதல் தரம் கேபிள் மாட்ட எனக்கு முக்கால் மணித்தியாலம் போனது. மாட்டி முடித்ததும், "இப்ப கழட்டும், திரும்ப மாட்டும்" என்றார். மூன்றாவது தரம் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார். இருட்டில் செய்ய வேண்டி வந்தால் விரலுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. என் முற்றத்தில் ஒரு தரமாவது என் கையால் கழற்றி மாட்டிப் பார்க்காத சாமான் எதுவும் என் பையில் இருக்கக் கூடாது. நீண்ட ஓட்டத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். சாமான் விவரம் எல்லாரிடமும் இருக்கிறது, கடையில் கேட்டாலே எடுத்துப் போட்டுத் தருவார்கள். அதை இருட்டில், வியர்வையில், பயத்தில் பாவிக்கத் தெரியுமா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்க்கிறவர் குறைவு, அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கேபிளைப் பற்றி இன்னும் கொஞ்சம். இப்போது என் புதுக் கேபிள் பையில் இல்லை, பழைய கேபிளோடு சேர்த்து அதே வழியாக ஓட்டி, மூன்று இடத்தில் பிளாஸ்டிக் டையால் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டு நுனிக்கும் கிறீஸ் தடவிப் பொலித்தீன் சுற்றியிருக்கிறது. அறுந்தால் நுனியை மட்டும் மாற்றிக் கொளுவினால் சரி, தாங்கியைத் தூக்கி, லைட்டைக் கழற்றி, வழி தேடி நுழைக்கிற பெரிய வேலை ஏற்கெனவே வீட்டில் முடிந்துவிட்டது. இதைச் செய்ய ஒரு மணித்தியாலம் போதும்.

புதுக் கேபிளே இல்லையென்றாலும் கிளச் இல்லாமல் பைக்கை ஓட்டலாம், பலருக்கு இது தெரியாது. நியூட்ரலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, இறங்கி ஓடித் தள்ளி, பைக் உருளத் தொடங்கியதும் ஏறி, முதல் கியரைக் காலால் அழுத்த வேண்டும். ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொள்ளும். மேல் கியருக்கு மாற்றும்போது அக்சிலேற்றரைச் சட்டென்று விட்டு அந்தக் கணத்தில் கியரைத் தட்டினால் போய் விழும். நிற்க வேண்டுமென்றால் நிற்பதற்கு முன்னாலேயே நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். சனம் நடமாடுகிற கடைத்தெருவில் இதைச் செய்யவே கூடாது, ஆனால் வெறும் காட்டு வீதியில் அடுத்த ஊர் வரைக்கும் இது போதும். நான் சீனன்குடாப் பக்கம் விடியற்காலையில், வாகனம் இல்லாத நேரம் பார்த்துப் பழகினேன். அக்சிலேற்றர் கேபிள் அறுந்தால் வேறு வழி. காபரேற்றரில் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டினால் எஞ்சின் தானே கொஞ்சம் வேகமாக ஓடும், முதலாம் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஊர்ந்து ஒரு வீடு இருக்கிற இடத்துக்காவது வந்து சேரலாம்.

ரயருக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் அதிகம் பேரை நடுவழியில் நிறுத்துவது அதுதான். என் பைக்கில் ரியூப் உள்ள ரயர். புது ரியூப் ஒன்று, ரயர் லீவர் இரண்டு, சின்னக் கைப்பம்ப், ஒட்டுத்துண்டு, ஒட்டுகிற பசையான சொலுசன், உரஞ்சத் தாள், இவ்வளவும் பின் ரயருக்கென்று ஒரு பையில். வீதியோரத்தில் ஒட்டுப்போடுவதைவிட ரியூபை மாற்றிவிட்டு, ஓட்டையானதை ஊரில் கொண்டுபோய் ஒட்டுவது நல்லது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தார் வீதி கொதிக்கும், அந்தச் சூட்டில் அவசரமாகப் போட்ட ஒட்டு இளகிக் கழன்றுவிடும். மாற்றுவதற்கு முன்னால் ரயருக்குள் ஒரு துணியைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ஆணியோ முள்ளோ இன்னும் உள்ளே இருந்தால் துணியில் மாட்டும். விரலை விட்டுத் தேட வேண்டாம், எனக்கு ஒரு தரம் வெட்டியிருக்கிறது. முழுக்கக் காற்றடிக்க முன்னம் ரயரைச் சுற்றிவர அமத்திப் பார்க்க வேண்டும், ரியூப் விளிம்பில் நசிபட்டிருந்தால் இருக்கிற ஒரே புது ரியூபும் போய்விடும்.

ரியூப்லெஸ் என்றால் வேலை எளிது. ஆனால் ஆணியைக் கண்டதும் குறட்டால் பிடுங்காதீர்கள். குத்திய ஆணியே பல நேரம் காற்றைப் பிடித்து வைத்திருக்கும், மெதுவாகத்தான் இறங்கும், ஊர் வரைக்கும் வந்துவிடலாம். ஓட்டையை அடைக்கிற நாடாவும் ஊசியும் சொலுசனும் கையில் தயாராக இருந்தால் மட்டும் பிடுங்குங்கள்.

இதில் ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய ஸ்டாண்டைக் கழற்றி எறிகிற பழக்கம் எங்கள் பொடியன்களிடம் பரவிக்கிடக்கிறது, பாரம் குறையுமாம், பார்க்க வடிவாம். பெரிய ஸ்டாண்ட் இல்லாத பைக்கில் பின் சில்லைத் தனி ஆளாக எப்படிக் கழற்றப் போகிறீர்கள்? கல்லைத் தேடி, கட்டையைத் தேடி, முதுகைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க இன்னொருவரைத் தேடி நிற்க வேண்டும். தயவுசெய்து அதைத் திரும்பப் பூட்டுங்கள்.

பையில் நான் மிக மதிக்கிற சாமான் ஒரு பழைய சாரம். பைக்குக்குக் கீழே விரித்துவிட்டுத்தான் ஸ்பனரை எடுப்பேன். நட்டு, வாசர், செயினின் இரண்டு நுனியையும் இணைக்கிற செயின் லொக்கின் கிளிப் எல்லாம் துள்ளி விழுகிற சாமான்கள். மூதூருக்கும் வெருகலுக்கும் இடையில் மணலும் புல்லுமான ஓரத்தில் அந்தக் கிளிப் விழுந்தால் அது விழுந்ததுதான். அதன் அளவு சுண்டுவிரல் நகம்தான், அது இல்லாமல் செயின் நிற்காது. இரண்டு செயின் லொக் கூடுதலாக வைத்திருக்கிறேன், மிச்சக் காசில் வாங்கக்கூடியதுதான். பூட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும், பிளந்த பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். அந்தச் சாரம் வெயிலுக்குத் தலையில் போடவும், சுடுகிற சைலன்சரைப் பிடிக்கவும், மழையில் பையை மூடவும் உதவியிருக்கிறது. கட்டிக்கொண்டு பைக்குக்கு அடியில் படுக்கவும் செய்யலாம், வேலைக்குப் போகிற காற்சட்டை தப்பும்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு பிரச்சினை உப்பு. கடலுக்குப் பக்கத்தில் பைக்கை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பற்றரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக்கிடக்கும். காலையில் வீட்டில் ஸ்டார்ட் ஆகும், நிலாவெளி தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்திவிட்டு வந்தால் டிக் என்ற சத்தம் மட்டும்தான் வரும். பலர் பற்றரி செத்துவிட்டது என்று புதிது வாங்கப் போகிறார்கள். முதலில் முனையைக் கழற்றிச் சுடுதண்ணியில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிப் பாருங்கள். கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், பூட்டும்போது கறுப்பு கடைசியில். மாதம் ஒரு தரம் இதைச் செய்கிறேன். பியூஸ் பெட்டிக்குள்ளும் அதே உப்பு போகும். கூடுதல் பியூஸ் இரண்டு வையுங்கள். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பியூஸ் எரிவது வயர் எரியாமல் இருக்கத்தான், தாளைச் சுற்றினால் சீட்டுக்குக் கீழே, பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் வயர் எரியும்.

மாரிக்குத் தனி ஆயத்தம். கார்த்திகை, மார்கழியில் வெருகல் பக்கம் ஆறு பெருகினால் வீதி எது பள்ளம் எது என்று தெரியாது. வெருகலாறு மகாவலியின் கிளை, இங்கே மழை விட்டிருந்தாலும் மலைநாட்டில் பெய்த தண்ணீர் பிறகு வந்து இறங்கும். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டார்ட் பட்டனை அமத்தவே வேண்டாம். கரைக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக உதைத்தால் உள்ளே போன தண்ணீர் பிளக் ஓட்டையால் பீச்சும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, எயார் ஃபில்டரைப் பார்த்து, கடைசியாக ஒயிலைப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஒயிலுக்குள் தண்ணீர் கலந்துவிட்டது, அதோடு ஒரு கிலோமீட்டரும் ஓட வேண்டாம். அந்த நிலையில் லேண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போவதுதான் மலிவு.

பெற்றோலில் தண்ணீர் கலந்தாலும் இதே மாதிரி விக்கும். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று, பிறகு கியூஆர் முறை வந்து பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்த காலத்தில், கிடைத்ததையெல்லாம் தண்ணீர்ப் போத்தலிலும் கானிலும் வீட்டில் சேமித்தோம். எத்தனை பேர் வீட்டில் அது நடந்தது என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது, அடுப்படிக்குப் பக்கத்தில் பெற்றோல். அந்தப் பழைய பெற்றோலை ஊற்றி ஓடியபோதுதான் காபரேற்றர் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். அதைத் தளர்த்தினால் அடியில் தேங்கியது வடியும், வெறும் கண்ணாலேயே தண்ணீர்க் குமிழ் தெரியும். எஞ்சின் சூடு ஆறிய பிறகு செய்யுங்கள். இப்போது தெற்கே போவதென்றால் மூதூரில் நிரப்பிவிட்டுத்தான் இறங்குவேன், ரிசர்வுக்கு வந்த பிறகு பெற்றோல் செட்டைத் தேடுகிற வேலை வைத்துக்கொள்வதில்லை.

வீதியைத் தெரிந்துகொள்வதும் ஆயத்தம்தான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கிறவரைக்கும் அந்த இடத்தில் படகுப்பாதைக்குக் காத்து நிற்க வேண்டும், 2011 வாக்கில் மற்றப் பாலங்களும் வந்த பிறகு ஏ15 வழியாக மட்டக்களப்பு வரை ஒரே மூச்சில் போகிறோம். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். முந்தி படகுப்பாதையடியில் நின்றால் யாராவது பக்கத்தில் இருப்பார்கள், கடை இருக்கும், நிழல் இருக்கும். இப்போது வீதி நல்லது, ஓட்டம் வேகம், ஆனால் பைக் நின்றால் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. ஆகவே ஊருக்கு ஒரு ஆளை அறிந்து வைத்திருக்கிறேன். கிண்ணியாவில் ரயர்க் கடை நானா, மூதூரில் ஒரு கராஜ், வெருகல் கோயிலடியில் தேத்தண்ணிக் கடை அக்கா, கந்தளாயில் பட்டா ஓட்டுகிற ஒரு தம்பி. நம்பர்களைப் போனில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதி, பொலித்தீனில் போட்டு, லைசென்சோடு வைத்திருக்கிறேன், போன் நனைந்து செத்த நாளில் அந்தத் தாள்தான் உதவியது. அவர்களிடம் உதவி தேவையில்லாத நாளிலும் நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடிப்பேன், காற்றடிப்பேன். முகம் தெரிந்த ஆளுக்கு இரவு எட்டு மணிக்கும் கோல் எடுக்கலாம். விபத்து என்றால் 1990 அம்புலன்ஸ், பொலிஸ் 119, இவை இரண்டும் பிள்ளைகளுக்கும் பாடமாக இருக்க வேண்டும்.

என் தங்கச்சி ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் படிப்பிக்கிறாள், ஸ்கூட்டியில் போய் வருகிறாள். அவளுடைய ஆயத்தம் என்னுடையதைவிடக் கவனமானது. ஸ்கூட்டியில் கிளச் கேபிளும் இல்லை செயினும் இல்லை, உள்ளே பெல்ட் அறுந்தால் வீதியில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அவள் அறுகிறவரை காத்திருப்பதில்லை, புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வந்ததும் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுகிறாள், திகதியையும் மீற்றரையும் சீட்டுக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறாள். "அண்ணா, நீங்க ரோட்டில நிண்டு திருத்தலாம், நான் அப்பிடி நிக்கேலாது" என்று ஒரு நாள் சொன்னாள். அது எனக்கு அதுவரை உறைக்காத விஷயம். அவள் போகிற வழியில் எந்தெந்த வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், எந்தப் பள்ளிக்கூடத்தில் காவலாளி இருப்பார், எந்தக் கோயில் கேற் திறந்திருக்கும் என்று வரிசையாக அறிந்து வைத்திருக்கிறாள். ஸ்கூட்டி முரண்டு பிடித்தால் அந்த இடம்வரை எப்படியாவது உருட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் போனை எடுப்பாள். புறப்படும்போது ஒரு மெசேஜ், பாலம் தாண்டியதும் ஒன்று, பள்ளிக்கூடம் சேர்ந்ததும் ஒன்று. இரண்டாவது வராவிட்டால் எங்கே தேட வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாக ஹபரணை வீதிக்கே திரும்புகிறேன். அந்தப் பக்கம் இருந்து வருகிறவர்கள் நாலு மணிக்கு ஹபரணையைத் தாண்ட முடியாவிட்டால் அங்கேயே தங்குங்கள். தாண்டிய பிறகு பைக் நின்று, வெளிச்சம் இறங்கத் தொடங்கினால், திருத்துகிற எண்ணத்தையே விடுங்கள். ஓரமாக வைத்து, லொக் பண்ணி, ஆவணங்களை எடுத்துக்கொண்டு, வருகிற லொறியிலோ பஸ்ஸிலோ ஏறுங்கள். இதற்கும் மனதைத் தயார்படுத்த வேண்டியிருக்கிறது. கடன் கட்டி வாங்கிய பைக்கைக் காட்டோரத்தில் விட்டுவிட்டு வருவது யாருக்கும் லேசான காரியமில்லை, வாகன இறக்குமதியே ஐந்து வருடமளவில் நின்றுபோயிருந்த நாட்டில் பழைய பைக்கும் பொன்னாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்த லொறிக்காரர் பைக்கையும் ஏற்ற இடம் வைத்திருந்தார். இடம் இல்லாதிருந்தால் நான் பைக்கோடு நின்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை மட்டக்களப்புக்குப் போக வேண்டும். நேற்றுப் பின்னேரம் சாரத்தை விரித்துப் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பம்ப் வேலை செய்கிறது, ரோச் வெளிச்சம் நல்லது, பத்தாம் நம்பர் ஸ்பனர் இருக்கிறது. சொலுசன் ரியூபை அமத்தினேன், திறக்காமலே உள்ளுக்குள் காய்ந்து கட்டியாகிக் கிடக்கிறது. நாளைக்குக் கிண்ணியாவில் புதிது வாங்க வேண்டும்.